கேமரா கல்லாவுக்குப் பின்னால் போகிறதா? பிரிட்டிஷ் சீரியல்களில் கறுப்பின, ஆசியக் குடும்பங்களை எடைபோடும் முறை

சீரியலில் ஒரு கறுப்பினக் குடும்பமோ ஆசியக் குடும்பமோ வந்துவிட்டால் பலரும் முதலில் தலைகளை எண்ணுகிறார்கள். எண்ணுவது தேவைதான், ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் ஏமாந்துபோவீர்கள். பி.பி.சி.யின் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' 1985 பிப்ரவரியில் தொடங்கியபோதே, கதை நடக்கும் கிழக்கு லண்டன் குடியிருப்பான ஆல்பர்ட் ஸ்கொயரில் மளிகைக்கடை நடத்தும் சயீத், நயீமா ஜெஃப்ரி தம்பதி இருந்தார்கள். டோனி கார்ப்பென்டரும் அவர் மகன் கெல்வினும் இருந்தார்கள். ஐ.டி.வி.யின் 'கொரனேஷன் ஸ்ட்ரீட்' 1960 டிசம்பரில் ஆரம்பமானது. அந்தத் தெருவுக்கு முதல் கறுப்பினக் குடும்பமாக பெய்லிகள் குடிவந்தது 2019-இல்தான். தலை எண்ணிக்கைப்படி முதலாவது பாஸ், இரண்டாவது ஃபெயில். ஆனால் ஜெஃப்ரிகளுக்குக் கிடைத்த கதை என்ன? உறவுக்குள் பெரியவர்கள் முடித்துவைத்த கல்யாணம், ஒட்டாத மனைவி, பெண்களுக்கு ஆபாசமாக போன் பேசும் கணவன். முதல் ஆண்டு முடிவதற்குள் சயீத் ஊரை விட்டே போய்விட்டார்.

அதனால் நீங்கள் அளக்க வேண்டியது, அந்தக் குடும்பத்துக்கு எந்தெந்தப் பிரச்சினைகள் வர எழுத்தாளர்கள் அனுமதிக்கிறார்கள் என்பதை. வெள்ளைக்காரக் குடும்பத்துக்குக் கடன், கள்ளக்காதல், சொத்துத் தகராறு, கிறிஸ்துமஸ் விருந்தில் சண்டை என்று எல்லாம் வரும். பக்கத்து வீட்டு ஆசியக் குடும்பத்துக்குக் கல்யாணமும் குடும்ப மானமும் மட்டும் வந்தால் கணக்கு இடிக்கிறது.

எத்தனை எபிசோடு பார்ப்பது

ஒரு வாரம் பார்த்துவிட்டு எழுத உட்காராதீர்கள். சீரியல் எபிசோடு ஒன்றில் பொதுவாக இரண்டு மூன்று கதைகள் பின்னிக்கொண்டு ஓடும். ஒரு குடும்பம் முன்னுக்கு வந்து நான்கு வாரம் வெளுத்துவாங்கும், பிறகு ஒரு மாதம் கண்ணிலேயே படாது. அவர்களுடைய வாரத்தில் மாட்டினால் "ஆகா, எவ்வளவு இடம்!" என்பீர்கள், மற்ற வாரத்தில் மாட்டினால் "ஆளையே காணோம்" என்பீர்கள். இரண்டுமே தப்பாக இருக்கலாம். வருடத்தின் மூன்று வெவ்வேறு பருவங்களிலிருந்து தொடர்ச்சியாக இரண்டிரண்டு வாரம் எடுங்கள். வாரத்துக்கு நான்கு எபிசோடு என்றால் மொத்தம் 24. கிறிஸ்துமஸ் வாரத்தை இதில் கலக்காதீர்கள். அன்றைக்குக் கொலை, கல்யாணம், தீவிபத்து எல்லாம் ஒன்றாக நடக்கும். மற்ற வாரங்களோடு ஒப்பிட முடியாது.

யூடியூபில் கிடைக்கும் துண்டுகளை நம்பி இந்த வேலையைச் செய்யவே முடியாது. அவற்றில் ஒரே கதையின் காட்சிகளை மட்டும் வெட்டி ஒட்டியிருப்பார்கள். அந்தக் குடும்பம் வராத நாட்கள் அதில் தெரியாது, உங்களுக்கோ அந்த நாட்களும் வேண்டும்.

தாளில் என்னென்ன கட்டம்

எக்செலோ கோடு போட்ட நோட்டோ போதும். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி. தேதி, இடம், பேசுபவர்கள், காட்சி யாருடைய பிரச்சினையைப் பற்றியது, அந்தக் குடும்பத்தில் இன்னொருவர் உடன் இருக்கிறாரா, காட்சி யார் முகத்தில் முடிகிறது என ஆறு கட்டம். கடைசிக் கட்டத்தைச் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். 'ஈஸ்ட்எண்டர்ஸ்' ஒவ்வொரு எபிசோடும் அந்தப் பிரபலமான டிரம் அடியோடு ஒரு முகத்தில் உறையும். அந்த முகம் யாருடையது என்பதுதான் அன்றைய கதைக்கு யார் சொந்தக்காரர் என்பதைக் காட்டும் அடையாளம். 24 எபிசோடுக்கு 24 முகம். இதை மட்டும் தனியாக எடுத்து எண்ணினாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

அரை மணி நேர எபிசோடை நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பதிய ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். பின்னணியில் நடமாடும் துணை நடிகர்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், தனிக் கட்டத்தில் போடுங்கள். சந்தைக் காட்சியில் புடவை கட்டிய பெண் கடந்துபோவதால் அங்கே ஓர் ஆசியக் குடும்பம் இருக்கிறது என்று ஆகிவிடாது.

கல்லாக் காட்சி

இதற்குத் தனியாக ஒரு குறியீடு வைத்துக்கொள்ளுங்கள். 'கொரனேஷன் ஸ்ட்ரீட்'டில் 1999-இல் தேசாய் குடும்பம் மூலைக்கடையை எடுத்தது; அதே ஆண்டு வந்த தேவ் அலஹானிடம் கடை கைமாறியது. 'ஈஸ்ட்எண்டர்ஸ்' பக்கம் ஜெஃப்ரிகளும் அவர்களுக்குப் பின் வந்த கரீம்களும் மளிகைக்கடை, சஞ்சய் கபூர் சந்தையில் துணிக்கடை, மசூத் குடும்பம் தபால் நிலையம், பனேசர் குடும்பத்துத் தாய் சுகி 'மினிட் மார்ட்' கடை. பட்டியலைப் பார்த்ததும் "ஆசியர் என்றாலே கடைக்காரரா?" என்று கோபம் வரும். கொஞ்சம் பொறுங்கள். 1972-இல் உகாண்டாவிலிருந்து இடி அமீன் விரட்டிய குடும்பங்கள் உட்பட எத்தனையோ ஆசியர்கள் பிரிட்டனில் உண்மையிலேயே மூலைக்கடை நடத்தித்தான் தலையெடுத்தார்கள். போதாததற்கு, ஊரே வந்துபோகும் ஓர் இடம் சீரியலுக்குக் கட்டாயம் வேண்டும். கடை இருப்பதில் குற்றமில்லை.

கல்லாக் காட்சி எப்படி இருக்கும் என்றால்: கதவு மணி அடிக்கிறது. பால் பாட்டிலோடு ஒருத்தி கல்லாவுக்கு வருகிறாள். பின்னாலேயே நுழைந்த தோழியிடம் தன் புருஷன் கதையைக் கொட்டுகிறாள். கடைக்காரர் விலையைச் சொல்கிறார், சில்லறையைத் தருகிறார், புருவத்தை உயர்த்துகிறார். காட்சி முடிந்தது. இதை "ஆசியர் இடம்பெற்ற காட்சி" என்று எண்ணினால் உங்கள் சதவீதம் பொய்யாக உப்பிவிடும். 'க' என்று குறித்துத் தனியே வையுங்கள். அதற்கு நேரெதிராக, கடை மூடிய பிறகு ஷட்டரை இறக்கிவிட்டு அதே கடைக்காரர் மகளோடு கணக்குப் பார்த்துச் சண்டை போட்டால் அது குடும்பக் காட்சி. எத்தனை 'க', எத்தனை குடும்பக் காட்சி என்ற விகிதத்தைக் கட்டாயம் எழுதுங்கள்.

வீட்டுக்குள் பார்க்க வேண்டியவை

வீட்டுக்குள் வந்துவிட்டால் முதலில் பெயர்களைப் பாருங்கள். 2003-இல் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' கொண்டுவந்த ஃபெரேரா குடும்பம் 2005-க்குள் மூட்டைகட்டிவிட்டது. ஃபெரேரா என்பது கோவா கத்தோலிக்கர்களிடம் காணும் பெயர். கதையிலோ ஆதி, தாரிக், கரீனா என்று வீட்டுக்குள் பெயர்கள் மதம் விட்டு மதம் தாவின. எந்த ஊர், எந்த மொழி, எந்த வழிபாடு என்று யாராலும் சொல்ல முடியாத குடும்பத்தை எந்த ஆசியரும் தன் வீடாகப் பார்க்கவில்லை. 2007-இல் வந்த மசூத் குடும்பத்தில் அப்பாவின் முழுப்பெயர் மசூத் அகமது. மனைவி ஜைனப் மசூத், பிள்ளைகள் சையத் மசூத், தம்வார் மசூத். அப்பா பெயரையே பின்னால் போட்டுக்கொள்ளும் நம்மவர்களுக்கு இது சட்டென்று புரியும். பெயரிலேயே வீட்டுப்பாடம் செய்திருக்கிறார்கள்.

அடுத்து அழைக்கும் முறை. மருமகள் மாமியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாளா? கோபத்தில் வாயில் வருவது எந்த மொழி? சமையல்கட்டில் கொதிப்பது என்ன, அதைப் பற்றி யாராவது விளக்கவுரை ஆற்றுகிறார்களா? சொந்த வீட்டில் யாரும் "இதுதான் எங்கள் பண்டிகைப் பலகாரம்" என்று பாடம் எடுப்பதில்லை. அப்படி எடுத்தால் அந்த வசனம் வெளி ஆளுக்காக எழுதப்பட்டது. 'வி' என்று குறியுங்கள். கறுப்பினக் குடும்பம் என்றால் படுக்கையறைக் காட்சியைக் கவனியுங்கள். தலைமுடியைக் காக்கும் சாட்டின் தொப்பியோ துணியோ இல்லாமல் அம்மா தூங்கி எழுகிறாரா? சின்ன விஷயம்தான், ஆனால் ஒப்பனை அறையில் விவரம் தெரிந்தவர் இருந்தாரா என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

எத்தனை தலைமுறை இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். 1990-இல் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' ஒரே மூச்சில் குடிவைத்த டவர்னியர் என்ற கறுப்பினக் குடும்பத்தில் தாத்தா ஜூல்ஸ், மகன் செலஸ்டின், மருமகள் எட்டா, பேரப்பிள்ளைகள் என மூன்று தலைமுறை இருந்தது. தகப்பன் இல்லாத வீடு என்ற தேய்ந்த அச்சிலிருந்து அது விலகி நின்றது. அதே சீரியலின் ட்ரூமன் குடும்பத்தில் ஒரு மகன் டாக்டர், இன்னொரு மகன் சட்டத்துக்கு அந்தப் பக்கம். நல்ல பிள்ளை, கெட்ட பிள்ளை என்று ஜோடி போடுவது சுலபமான வழி. இரண்டுக்கும் நடுவில் சாதாரணமாக ஒருவர் இருக்கிறாரா என்று தேடுங்கள்.

பெயரை மாற்றிப் பார்க்கும் சோதனை

இதுதான் முக்கியமான படி. கதையை மூன்றே வரியில் எழுதுங்கள். பிறகு குடும்பப் பெயரை எடுத்துவிட்டு ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் பெயரைப் போடுங்கள். கதை முழுதாக இடிந்து விழுந்தால் அது அந்த இனத்துக்கென்றே ஒதுக்கிய 'பிரச்சினைக் கதை'. ஒரு வரிகூட மாறவில்லை என்றால் தோல் நிறத்தை மட்டும் மேலே பூசியிருக்கிறார்கள். நல்ல கதைகள் இரண்டுக்கும் நடுவில் விழும்: எலும்புக்கூடு பொது, சதை அந்த வீட்டுடையது.

'கொரனேஷன் ஸ்ட்ரீட்'டின் யாஸ்மீன் நசீரை எடுத்துக்கொள்ளுங்கள். 2019, 2020-இல் ஓடிய கதையில் இரண்டாம் கணவன் ஜெஃப் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பிடிக்குள் கொண்டுவருகிறான். பணம், போன், நட்பு எல்லாம் அவன் கட்டுப்பாட்டில். அவர் செல்லமாக வளர்த்த கோழியையே சமைத்து அவரைச் சாப்பிடவைக்கிறான். இந்தக் கொடுமை எந்த வீட்டிலும் நடக்கும். இங்கே முஸ்லிம் பெண்ணைக் கொடுமைப்படுத்துபவன் வெள்ளைக்காரன் என்பதால், பார்ப்பவர்கள் தயாராக வைத்திருந்த படமும் உடைந்தது. 2015-இல் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' மசூத் வீட்டு மகள் ஷப்னத்துக்குக் குழந்தை இறந்தே பிறக்கிறது. அதுவும் எந்தத் தாய்க்கும் வரக்கூடிய துக்கம். முஸ்லிம் இளைஞன் சையத் மசூதுக்கும் கிறிஸ்டியன் என்ற ஆணுக்கும் காதல் 2009-இல் தொடங்கியபோது பெயரை மாற்றினால் பாதி கதை போய்விடும். ஆனால் அதை 2012 வரை விடாமல் ஓட்டியதால், மெல்ல மெல்ல அது வாடகை, பொறாமை, சமாதானம் என்று சாதாரணக் காதல் கதையாகவும் ஆனது. ஆகவே சோதனையை ஒரே மாதத்தில் முடித்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

முஸ்லிம் பாத்திரங்களுக்கு 2018-இல் வந்த 'ரிஸ் டெஸ்ட்' கைகொடுக்கும். நடிகர் ரிஸ் அகமதின் பேச்சிலிருந்து பிறந்தது. பாத்திரம் பயங்கரவாதத்தோடு தொடர்புபடுகிறதா, காரணமின்றிக் கோபப்படுகிறதா, மூடநம்பிக்கையோ பிற்போக்கோ உள்ளதாகக் காட்டப்படுகிறதா, மேற்கத்திய வாழ்வுக்கு அச்சுறுத்தலாக வருகிறதா, ஆணென்றால் பெண்ணை இழிவுசெய்பவனா, பெண்ணென்றால் ஆணால் ஒடுக்கப்பட்டவளா என ஐந்து கேள்விகள். ஒன்றுக்கு ஆம் என்றாலும் தோல்வி. சினிமாவுக்கு இது சரி. ஆண்டுக்கணக்கில் ஓடும் சீரியலில் எல்லோரும் ஏதாவது ஒரு நாள் காரணமின்றிக் கோபப்படுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தினால் யாஸ்மீன் கதைகூடத் தோற்றுவிடும். கேள்விகளை வைத்துக்கொள்ளுங்கள், மதிப்பெண்ணை விட்டுவிடுங்கள்.

வெள்ளையர் இல்லாத அறை

தாளில் ஐந்தாவது கட்டம் இதற்குத்தான். அந்தக் குடும்பத்தினர் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் காட்சிகள் எத்தனை? பிற்பாடு வெள்ளையர் ஒருவர் உள்ளே வந்துதான் பிரச்சினை தீர்கிறதா? 2009 பிப்ரவரியில் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' ஓர் எபிசோடு முழுவதையும் கறுப்பின நடிகர்களை மட்டும் வைத்து நடத்தியது. பேட்ரிக் ட்ரூமன், லண்டனில் கறுப்பினத்தவர்கள் தாக்கப்பட்ட 1958 நாட்டிங் ஹில் கலவரத்தில் தான் இழந்ததைச் சொல்லும் எபிசோடு அது. 2021 செப்டம்பர் 10 அன்று கறுப்பினக் கலைஞர்களை முன்னிறுத்தி சேனல் 4 நடத்திய சிறப்பு நாளில் அதன் சீரியல் 'ஹாலியோக்ஸ்' கறுப்பின நடிகர்களோடு ஒரு மணி நேர எபிசோடு தந்தது. இரண்டும் நல்லவை. ஆனால் விசேஷ நாளில் விருந்து போட்டுவிட்டு மற்ற நாளில் பட்டினி போடுவதும் உண்டு. சிறப்பு எபிசோடுகளைத் தனி வரியில் எழுதுங்கள்.

எப்படிப் போனார்கள்

வரவைவிடப் போக்கு அதிகம் சொல்லும். கரீம்கள், கபூர்கள், ஃபெரேராக்கள் எல்லாம் சில வருடங்களில் கூண்டோடு போனார்கள். டவர்னியர் வீடு ஒவ்வொருவராகக் காலியாகி, தாத்தா ஜூல்ஸ் மட்டும் சில காலம் சொந்தம் யாருமின்றி ஸ்கொயரில் உட்கார்ந்திருந்தார். மாறாக 2001-இல் வந்த பேட்ரிக் ட்ரூமன் (நடிகர் ருடால்ஃப் வாக்கர்) நிலைத்தார். காரணம் தேடினால் கிடைக்கும்: ஸ்கொயரின் மற்ற வீடுகளோடு அவருக்குக் கல்யாணம், நட்பு, வாடகை, பகை என்று முடிச்சு விழுந்தது. மற்றக் குடும்பங்களோடு உறவு முடிச்சு இல்லாத குடும்பத்தை ஒரு தயாரிப்பாளர் மாறினாலே கழற்றி எடுத்துவிடலாம். குடும்பத்தின் ஒவ்வொருவரிடமிருந்தும் மற்ற வீடுகளுக்குக் கோடு இழுத்துப் படம் போடுங்கள். கோடுகள் மூன்றுக்குக் குறைந்தால் அந்தக் குடும்பம் கிளம்பத் தயார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடிகர்களின் போக்கையும் பாருங்கள். தேசாய் வீட்டு விக்ரமாக நடித்த கிறிஸ் பிசன்தான் 2009-இல் ஐ.டி.வி.யின் இன்னொரு சீரியலான 'எம்மர்டேல்' சர்மா குடும்பத்து ஜெய். ஆசியப் பாத்திரங்களுக்கு எவ்வளவு சிறிய வட்டத்திலிருந்து ஆள் எடுக்கிறார்கள் என்று நீங்களே கேட்டுக்கொள்ளலாம்.

எதோடு ஒப்பிடுவது

2021 மக்கள்தொகைக் கணக்கில் இங்கிலாந்து, வேல்ஸ் மக்களில் ஆசியர் 9.3 சதவீதம், கறுப்பினத்தவர் 4. இதைக் கிழக்கு லண்டன் கதைக்கு அளவுகோலாக வைத்தால் சீரியல் தாராளமாக நடந்துகொண்டதாகத் தோன்றும். கிழக்கு லண்டனின் நியூஹாமில் மட்டும் ஆசியர் 42 சதவீதத்துக்கு மேல். கதை நடக்கும் ஊரின் கணக்கைத்தான் எடுக்க வேண்டும். அதே நியூஹாமின் ஈஸ்ட் ஹாம் தெருக்களில் தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஜெஃப்ரி முதல் பனேசர் வரையிலான முக்கிய ஆசியக் குடும்பங்களின் வரிசையில் தமிழ்க் குடும்பம் இல்லை. "ஆசியர்" என்று ஒரே பெட்டியில் போட்டால் இந்தக் குறை கண்ணுக்கே தெரியாது. வங்காளி, பஞ்சாபி, குஜராத்தி, தமிழர் என்றும், ஆப்பிரிக்கர், கரீபியர் என்றும் பிரித்தே எழுதுங்கள். நடிகரின் பூர்வீகத்தையும் பாத்திரத்தின் பூர்வீகத்தையும் ஒன்றாக்காதீர்கள்.

முடிந்தால் இரண்டு பேர் தனித்தனியாகப் பதியுங்கள். முதல் இரண்டு எபிசோடு முடிந்ததும் தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "யாருடைய பிரச்சினை" என்ற கட்டத்தில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மேலே போகாமல் விதியைத் திருத்துங்கள். சண்டை வருவது பெரும்பாலும் கலப்புத் திருமணக் காட்சிகளில்தான். காட்சி முடியும் முகம் யாருடையதோ அவர் பிரச்சினை என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் தகராறு குறையும்.

பழைய எபிசோடுகளுக்கு பிரிட்டனில் 'யு&டிராமா' (முன்பு 'டிராமா') சேனலும் ஐ.டி.வி.3-உம் மறுஒளிபரப்பு செய்கின்றன. புதியவை இணையத்தில் சில காலமே இருக்கும் என்பதால் பார்க்கும் அன்றே பதிந்துவிடுங்கள். எழுதும்போது ஒவ்வொரு கூற்றுக்கும் ஒளிபரப்புத் தேதியைப் போடுங்கள். எபிசோடின் கடைசியில் ஓடும் பட்டியலிலிருந்து எழுத்தாளர், இயக்குநர் பெயர்களையும் குறித்துவைத்தால், எந்த எழுத்தாளர் கையில் குடும்பம் உயிர்பெறுகிறது, யார் கையில் மறுபடி கல்லாவுக்குப் பின்னால் போய் நிற்கிறது என்பதையும் பிரித்துச் சொல்ல முடியும்.