நனையாமல் நித்திரை கொள்ள: கொழும்பிலிருந்து மலையேறப் போகிறவர்களுக்கு

முதல்தடவை நக்கிள்ஸ் மலைத்தொடரில் ரிவர்ஸ்டன் பக்கம் டென்ட் அடித்துப் படுத்தபோது இரவு பதினொரு மணிக்கு மழை பிடித்தது. பன்னிரண்டரைக்கு என் தலைமாட்டில் தண்ணீர் நின்றது. ஒற்றைத் துணி டென்ட். பெட்டியில் என்னவோ தண்ணீர் புகாது என்றுதான் போட்டிருந்தார்கள். நான் உடுத்திருந்ததும் ஜீன்ஸ், மாற்றிக்கொள்ள வைத்திருந்ததும் ஜீன்ஸ். இரண்டும் நனைந்துவிட்டன. மூன்று பேரும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். என் சிநேகிதி ஒருத்தியின் உதடு நீலம் பாரித்ததைப் பார்த்தபோது வந்த பயம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

அதற்குப் பிறகு பதினொரு வருடமாக வெள்ளவத்தையிலிருந்து மலைக்குப் போய்வருகிறேன். அலுவலகச் சிநேகிதிகளையும் பெறாமகள்மாரையும் கூட்டிக்கொண்டு போகிறேன். யாராவது "அக்கா, என்ன வாங்க வேண்டும்?" என்று கேட்டால் ஒன்றைத்தான் முதலில் சொல்வேன்: நம் மலைகளில் ஆளை விழுத்துவது ஈரம். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துப் பனிக்குளிருக்கான சாமான்களுக்குக் காசைக் கொட்டாதீர்கள். நனையாமல் இருப்பதற்கும், நனைந்தால் கெதியாகக் காய்வதற்கும், இரவில் காய்ந்த உடுப்போடு படுப்பதற்கும் செலவழியுங்கள்.

சாமானுக்கு முன்னால் காலமும் இடமும். கொழும்பு வானத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அட்டன், கித்துல்கல, சிவனொளிபாதமலை எல்லாம் அப்போது நனைந்தபடியே இருக்கும். அதே மாதங்களில் காலி வீதியில் நாங்கள் குடை பிடித்துக்கொண்டு நிற்க, மலைக்கு அந்தப் பக்கம் ஊவாவில் நமுனுகுல காய்ந்து கிடக்கும். காற்று மட்டும் பலமாக அடிக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை, அப்போது கிழக்குச் சரிவுகள் நனையும். மார்ச் ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும் காலையில் வானம் வெளித்திருக்கும், பின்னேரம் இடி முழங்கும். அந்த மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் மொட்டைப் புல்வெளியிலோ மலை முகட்டிலோ நிற்கவே கூடாது.

டென்ட் இல்லாமலே தொடங்குங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைக்குப் பருவகாலம். நல்லதண்ணிப் பாதையில் இரவிரவாக வெளிச்சம், வழிநெடுகத் தேத்தண்ணிக் கடைகள், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள், உச்சி 2,243 மீற்றர். உங்கள் சப்பாத்தும் முழங்காலும் எப்படி என்று அந்தப் படிகள் இறங்கும்போது சொல்லிவிடும். அடுத்தது பீக்கோ டிரெயில். கண்டிக்குப் பக்கத்து ஹந்தானையில் தொடங்கித் தேயிலைத் தோட்டங்களின் பழைய பாதைகள் வழியே 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்களாகப் போகிறது. ஒரு கட்டத்தை ஒரு நாளில் நடந்துவிட்டு வீட்டுக்கோ விடுதிக்கோ திரும்பலாம். அங்கே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைக் கடக்கும்போது நின்று கதையுங்கள். நம் பாஷைதான். எந்தப் பாலம் உடைந்திருக்கிறது, எந்த மரத்தில் குளவிக்கூடு இருக்கிறது என்று அங்குள்ளவர்களுக்குத்தான் தெரியும். தோட்டங்களில் குளவிக்கொட்டு விளையாட்டான விஷயமில்லை. வாசனைத் தைலம் எதுவும் பூசிக்கொண்டு போக வேண்டாம். குளவி கிளம்பினால் முகத்தை மூடிக்கொண்டு அந்த இடத்தை விட்டு ஓட வேண்டும், கையை வீசி அடிக்கக் கூடாது.

காட்டுக்குள் தங்குவதானால் அனுமதி எடுக்க வேண்டும். நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட வனத்துக்கு வன பாதுகாப்புத் திணைக்களம், தேசிய பூங்காக்களுக்கு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். இரண்டின் தலைமை அலுவலகமும் பத்தரமுல்லையில்தான். புறப்படும் வாரம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படி. நான் மஞ்சளிலேயே பயணத்தை நிறுத்திவிடுவேன். 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டுக்குச் செய்ததைப் பார்த்த பிறகு இதில் யாரோடும் வாதாட எனக்கு மனமில்லை. அதற்கு முன்பு போட்ட வரைபடத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள், ஊராரிடம் கேளுங்கள்.

சரி, டென்ட். இரண்டு பேருக்கானது என்று போட்டிருந்தால் இரண்டு உடம்பு மட்டும் படுக்கலாம், பைகள் வெளியே. அதனால் ஓராள் கூட எண்ணி வாங்குங்கள். உள்ளே வலை, வெளியே தனி மழைத்துணி என்று இரண்டு அடுக்கு கட்டாயம் வேண்டும். ஒற்றை அடுக்கில் மழை வராத நாளிலும் நம் மூச்சே துணியில் பட்டுத் தண்ணீராக வழியும். மழைத்துணி கிட்டத்தட்ட நிலம்வரை இறங்க வேண்டும். தொப்பி மாதிரி உச்சியை மட்டும் மூடுவது சாரலைத் தடுக்காது. சிட்டையில் மில்லிமீற்றரில் ஓர் இலக்கம் இருக்கும். துணி எவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்பது அது. மேல்துணிக்கு 2,000, அடித்துணிக்கு 3,000 இருந்தால் நம் மழைக்குப் போதும்.

இலக்கத்தை நம்பி நேரே மலைக்குக் கொண்டு போகாதீர்கள். நாங்கள் புது டென்ட்டை முதலில் ஃபிளாட்டின் மொட்டைமாடியில் விரிப்போம். பெறாமகள் டோர்ச்சோடு உள்ளே போய் உட்காருவாள், நான் குழாயைப் பிடித்து இருபது நிமிடம் மேலிருந்து தண்ணீர் அடிப்பேன். போன முறை பதினைந்தாவது நிமிடம் "சித்தி, இங்கே!" என்று கத்தினாள். மூலையில் நான்கு தையல் சந்திக்கிற இடத்தில் ஒரு துளி திரண்டு, நூல் வழியே மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. துணியில் பிழையில்லை, ஊசி போன ஓட்டைதான். அந்த இடத்தில் சோக்கால் அடையாளம் போட்டு, காய்ந்த பிறகு தையல் அடைக்கும் பசை பூசி, அடுத்த நாள் திரும்பத் தண்ணீர் அடித்தோம். ஒழுகவில்லை. மலையில் அந்த ஒரு துளி இரவு முழுக்க ஒரே இடத்தில் விழுந்தால் படுக்கை ஊறிவிடும்.

இன்னொன்று, டென்ட்டுக்குக் கீழே விரிக்கிற தரப்பாள் டென்ட்டின் அடியை விடச் சிறியதாக இருக்க வேண்டும். ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத்தண்ணீரை ஏந்தி உங்களுக்குக் கீழேயே கொண்டுவரும். ரிவர்ஸ்டனில் எங்களுக்கு நடந்ததில் பாதி இதனால்தான். இடம் தேடும்போது பள்ளத்தையும் பட்ட மரத்தையும் தவிருங்கள். ஆற்றோரம் எவ்வளவு வடிவாக இருந்தாலும் வேண்டாம், மேலே பெய்த மழை உங்களுக்குத் தெரியாமலே வந்து சேரும்.

சப்பாத்து விஷயத்தில் நான் பலரோடு ஒத்துப்போவதில்லை. தண்ணீர் புகாத சப்பாத்து வாங்காதீர்கள். நம் பாதையில் முழங்கால் வரை ஓடை கடக்க வேண்டிவரும். மேலால் உள்ளே போன தண்ணீர் பிறகு வெளியே வராது. வலைத்துணிச் சப்பாத்து நனையும், ஆனால் நடக்க நடக்கப் பிழிந்துவிடும். அடியில் ஆழமான பற்கள் இருக்க வேண்டும். பின்னேரத்தில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் வாங்குங்கள். விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் வேண்டும், இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும்.

அட்டைக்கு, நெருக்கமாக நெய்த மெல்லிய பருத்தித் துணியில் முழங்கால் வரை வரும் காலுறை. எங்கள் ஒழுங்கைத் தையல்காரரிடம் துணி கொடுத்துத் தைப்பித்தேன். அட்டை பின்னல் மேஸுக்குள் நுழைந்துவிடும், இந்தத் துணிக்குள் நுழையாது. வெளிப்புறத்தில் சவர்க்காரமோ, குளவி உள்ள தோட்டப் பக்கம் அல்லாவிட்டால் சித்தாலேபவோ பூசிக்கொள்வோம். மழையில் கழுவிப் போய்விடும், திரும்பப் பூச வேண்டும். கடித்துவிட்டால் நகத்தால் பக்கவாட்டில் தள்ளிவிட்டு, கழுவிப் பிளாஸ்டர் ஒட்டுங்கள்.

உடுப்பில் ஜீன்ஸும் பருத்தி டீசேர்ட்டும் வேண்டாம். விளையாட்டுக்குப் போடுகிற மெல்லிய செயற்கை நூல் உடுப்பே நல்லது. மேலே ஜாக்கெட்டாகத் தைத்த மழைக்கோட்டு, புல்வெளிக் காற்றில் பொன்சோ பறந்து முகத்தை மூடும். இரவுக்கென்று ஒரு சோடி உடுப்பு, ஒரு கம்பளிச் சட்டை, ஒரு மேஸ். இவற்றை எந்தக் காரணத்துக்காகவும் பகலில் தொடக் கூடாது. காலையில் நனைந்த உடுப்பையே திரும்பப் போடுவது கஷ்டம்தான். ஐந்து நிமிடம் நடந்தால் சூடேறிவிடும். பையின் மழையுறையை நம்பாதீர்கள், முதுகுப் பக்கத்தால் தண்ணீர் இறங்கும். பைக்குள்ளேயே வாயைச் சுருட்டிக் கட்டுகிற தண்ணீர் புகாப் பையை வைத்து, அதற்குள் படுக்கையும் இரவு உடுப்பும். ஹோட்டன் சமவெளி வாசலில் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள் என்பதால் குப்பைப் பைகளை நம்பிப் போக முடியாது. அங்கே சாப்பாட்டையும் பெட்டியிலோ வாழையிலையிலோ கட்டிக்கொண்டு போங்கள்.

படுக்கைக்கு ஸ்லீப்பிங் பேக் வாங்கினால் செயற்கைப் பஞ்சு வைத்தது வாங்குங்கள். இறகு வைத்தது நனைந்தால் சூடு தராது. ஆயிரம் மீற்றர் ஏற ஏறக் கிட்டத்தட்ட ஆறரைப் பாகை குறையும். அதனால் 2,100 மீற்றரில் இருக்கும் ஹோட்டன் சமவெளி இரவில் ஐந்து பாகைக்கும் கீழே போகலாம், தை மாதத்தில் புல்லில் உறைபனியும் பிடிக்கும். மற்ற இடங்களுக்கு, சிட்டையில் வசதி அளவு (குளிராமல் தூங்கக்கூடிய வெப்பநிலை) பத்துப் பாகை என்று இருந்தால் போதும். அடியில் மடிக்கிற ஃபோம் பாய் கட்டாயம், குளிர் நிலத்திலிருந்துதான் ஏறும்.

எல்லாம் சேர்த்துப் பையின் பாரம் உங்கள் எடையில் ஐந்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது. நான் 55 கிலோ, என் பை 11 கிலோ. தண்ணீர் லீற்றருக்கு ஒரு கிலோ என்பதையும் சேர்த்துத்தான். இடுப்புப் பட்டி இடுப்பெலும்பில் உட்கார வேண்டும், தோளில் தொங்கக் கூடாது. போவதற்கு மூன்று கிழமைக்கு முன்பிருந்தே பைக்குள் அரிசி மூட்டையை வைத்து ஃபிளாட்டின் படிகளில் ஏறி இறங்குங்கள். லிஃப்ட்டை மறந்துவிடுங்கள்.

சாப்பாடு சுருக்கம். முதல் இரவுக்குப் பாணும் சீனிச் சம்பலும், காலையில் நூடில்ஸ், நடக்கும்போது கச்சானும் எள்ளுருண்டையும், எப்போதும் இஞ்சித் தேத்தண்ணி. கடையில் கிடைக்கும் பியூட்டேன் காஸ் குப்பி கடுங்குளிரில் சோர்ந்துவிடும், குப்பியைச் சட்டைக்குள் கொஞ்ச நேரம் வைத்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள். டென்ட்டுக்குள் அடுப்பு மூட்டவே கூடாது, கரியமில வாயுவை விட மோசமான கார்பன் மொனொக்சைட் சத்தமில்லாமல் கொல்லும். ஓடைத் தண்ணீரைக் கொதித்த பிறகும் ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள், 2,000 மீற்றருக்கு மேலே மூன்று நிமிடம்.

நேரக் கணக்குக்கு நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1892இல் சொன்ன விதி இன்றும் உதவும்: ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், ஏறும் ஒவ்வொரு 600 மீற்றருக்கும் இன்னொரு மணித்தியாலம். நம் வழுக்குப் பாதைக்கு நான் அதில் பாதியைக் கூட்டிக்கொள்வேன். ஆறு மணியளவில் இருட்டத் தொடங்கும். உச்சிக்குப் பத்து நிமிடம்தான் மிச்சம் என்றாலும் குறித்த நேரத்தில் திரும்புங்கள். வீட்டில் ஒருவரிடம் பாதையையும் திரும்பும் நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அம்புலன்ஸுக்கு 1990, பொலிசுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. சிக்னல் கடைசியாக எங்கே இருந்தது என்று நடக்கும்போதே மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்த அன்றே, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், டென்ட்டை மொட்டைமாடிக் கொடியில் போடுங்கள். கொழும்புப் புழுக்கத்தில் ஈரத்தோடு சுருட்டி வைத்த துணி இரண்டு மூன்று நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும், அந்த மணம் பிறகு போகாது. வெயிலிலும் நாள் முழுக்க விடாதீர்கள், மேல்பூச்சு உரியும். நான் பின்னேரம் ஐந்து மணிக்குப் போட்டு, கடற்காற்றில் ஆறவிட்டு, இருட்டுவதற்குள் தையல் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு எடுத்து மடிப்பேன்.