ரீச்சர் சொன்னது ஒன்று, பிள்ளை சொன்னது ஒன்று: ஸ்காபரோவில் நாங்கள் விடும் பிழைகள்

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் பெற்றோர் சந்திப்பு நாளில் ஒரு காட்சி அடிக்கடி கண்ணில் படும். சின்னக் கதிரையில் அம்மா, பக்கத்தில் பத்து வயது மகள், எதிரே ரீச்சர். வீட்டுப்பாடம் ஒழுங்காக வருவதில்லை, வகுப்பில் கதை கூடிவிட்டது என்று ரீச்சர் ஆங்கிலத்தில் நாலு நிமிடம் சொல்கிறார். மகள் திரும்பி, "நல்லாப் படிக்கிறேனாம் அம்மா" என்கிறாள். அம்மா சிரித்துத் தலையாட்டிவிட்டு எழும்புகிறார்.

பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். அவள் உண்மையையே சொன்னாலும், தன்மேல் உள்ள முறைப்பாட்டைத் தன் வாயாலேயே அம்மாவுக்குச் சொல்ல வைப்பது பாவம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள், ஒழுங்கு செய்வார்கள்.

அந்தத் தலையாட்டல் ஊரிலிருந்து வந்தது. வாத்தியாரிடம் கேள்வி கேட்காமல் இருப்பதுதான் அங்கே மரியாதை. "அடிச்சாவது படிப்பியுங்கோ சேர்" என்று ஒப்படைத்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். இங்கே கேட்காத பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று நினைத்துவிடுவார்கள். பிள்ளைக்கும் இதே கதைதான். ஏசும்போது நிலத்தைப் பார்ப்பது எங்கள் வீட்டில் பணிவு. வகுப்பில் அதைக் கண்டால், எதையோ ஒளிக்கிறான் என்று தோன்றும். "எங்கள் பழக்கம் அப்படி" என்று ரீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் போதும்.

ரிப்போர்ட் கார்ட் வந்ததும் எல்லோரும் கணக்குக்கு என்ன புள்ளி என்றுதான் பார்க்கிறோம். எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் அதற்கு முன்பே ஒரு பகுதி இருக்கிறது: பொறுப்பு, ஒழுங்கு, தனியாக வேலை செய்வது என ஆறு பழக்கங்கள். ஒவ்வொன்றுக்கும் ஈ, ஜி, எஸ், என் என்று ஓர் எழுத்து. 'என்' என்றால் திருத்தம் தேவை. கணக்கில் 'ஏ' எடுத்த பிள்ளைக்கும் அது விழலாம். அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

ஆங்கிலம் வரட்டும் என்று வீட்டில் தமிழை நிறுத்துவது இன்னொரு பிழை. பிறகு அம்மம்மாவுடன் கதைக்க ஆளிருக்காது. தமிழில் கதை கேட்டு, ஏன் எப்படி என்று வாயாடும் பிள்ளைக்கு ஆங்கில வாசிப்பும் சுலபமாக வரும். உயர்நிலைப் பள்ளியில் தமிழை ஒரு பாடமாகப் படித்தால் கிரெடிட்டும் உண்டு; பள்ளி முடிக்கும்போது கிடைக்கும் டிப்ளோமாவுக்குத் தேவையான 30 கிரெடிட்டில் அதுவும் சேரும்.

கடைசியாக, படிவங்களில் கையெழுத்து வைப்பது. 2022இலிருந்து ஒன்பதாம் வகுப்பில் பாடங்களுக்கு அக்கடமிக், அப்ளைட் என்ற பிரிவுகள் இல்லை. ஆனால் பத்தாம் வகுப்பில் சில பாடங்களுக்கு அக்கடமிக் (கோட்பாடு கூடியது), அப்ளைட் (செயல்முறை கூடியது) என்ற தெரிவு வரும். பல்கலைக்கழகத்துக்கு ஆசை இருந்தால் இந்தத் தெரிவு முக்கியம், பிறகு மாற்றுவது சிரமம். பாடத் தெரிவுக்காக மகன் எதையாவது நீட்டினால், வேலைக்கு ஓடும் அவசரத்தில் "கையெழுத்து எங்கே வைக்கிறது?" என்று கேட்காதீர்கள். முதலில் வழிகாட்டல் ஆசிரியருக்கு ஒரு போன் போடுங்கள்.