துயரத்துக்குப் பிறகு ஒரு நினைவிடம்: அடிக்கல்லுக்கு முன்னால் செய்ய வேண்டியவை

ஒரு போரோ குண்டுவெடிப்போ முடிந்து நாடு கலங்கி நிற்கும்போது, எல்லோரையும் ஒன்றுசேர்க்க ஒரு நினைவுச்சின்னம் கட்டலாம் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அந்தக் குழுவில் உங்களையும் போட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை, அடிக்கல் நாட்டு விழாவுக்கு யாரும் அவசரப்பட்டு நாள் குறித்துவிடாமல் பார்த்துக்கொள்வது. எதை எங்கே வைப்பது, யார் பெயரைப் பொறிப்பது என்று எல்லாத் தரப்பும் உட்கார்ந்து வாதாடி ஒரு முடிவுக்கு வருகிற அந்தக் காலத்தில்தான் ஒற்றுமைக்குக் கொஞ்சமாவது வழி பிறக்கும். அதைத் தாண்டிக் குதித்துக் கட்டினால் வெறும் கட்டடம்தான் மிஞ்சும்.

போஸ்னியாவின் மோஸ்தர் பாலத்தைப் பாருங்கள். 1566-இல் கட்டியது, 1993 நவம்பரில் போஸ்னியக் குரோவாசியர் படையின் பீரங்கிக்கு இரையானது. பழைய முறையிலேயே கல் செதுக்கி 2004-இல் திறந்தார்கள், மறுவருடமே யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, உலகமே பாராட்டியது. அதே ஊரில் 2008-க்குப் பிறகு 2020 வரை நகராட்சித் தேர்தலே நடக்கவில்லை, காரணம் தேர்தல் விதிகளில் ஊரின் போஸ்னிய முஸ்லிம், குரோவாசியர் என்ற இரு தரப்புக்கும் உடன்பாடு வரவில்லை. பாலம் ஒரு பக்கம், அரசியல் ஒரு பக்கம்.

சரி, யாரிடமெல்லாம் கேட்க வேண்டும்? இறந்தவர்களின் குடும்பம், உயிர் தப்பியவர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். விட்டுப்போவது அக்கம்பக்கத்தார். நார்வேயில் 2011 ஜூலை 22-இல் பயங்கரவாதத் தாக்குதலில் 77 பேர் கொல்லப்பட்டார்கள், அதில் 69 பேர் இளைஞர் முகாம் நடந்துகொண்டிருந்த உத்தோயா தீவில். தீவுக்கு எதிரே இருந்த நிலமுனையைக் குறுக்கே வெட்டிப் பிளந்து, ஆறாத காயம்போல் விட்டுவிடும் வடிவமைப்பு ஒன்று தேர்வானது. படத்தில் பார்த்தால் பிரமாதம்தான். ஆனால் அந்தக் கரையில் குடியிருந்தவர்களில் பலர் அன்று சொந்தப் படகில் போய்ப் பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து தூக்கியவர்கள். தினமும் சன்னலைத் திறந்தால் இதைத்தான் பார்க்க வேண்டுமா என்று எதிர்த்தார்கள், வழக்குவரை போனது, 2017-இல் அரசு திட்டத்தையே கைவிட்டது. பிறகு படகுத்துறையில் 77 வெண்கலத் தூண்களோடு வேறொரு நினைவிடம் வந்தது. வரைபடம் கேட்பதற்கு முன்பே அந்த வீடுகளுக்குப் போய்விடுங்கள்.

அடுத்து, இடிபாட்டை அப்படியே விடுவதா, திருப்பிக் கட்டுவதா, புதிதாக ஒன்று எழுப்புவதா? இதற்குப் பொதுவான பதில் கிடையாது, அவசரமும் வேண்டாம். ஹிரோஷிமாவில் குண்டுக்குத் தப்பிய குவிமாடக் கட்டடத்தை இடித்துவிடலாம், பார்க்கவே முடியவில்லை என்றவர்களும் இருந்தார்கள். அதைக் காப்பது என்று நகர மன்றம் தீர்மானித்தது 1966-இல்தான். ஜெர்மனியின் டிரெஸ்டனில் இரண்டாம் உலகப் போர்க் குண்டுவீச்சில் இடிந்த ஃபிராவன் தேவாலயம் பல பத்தாண்டுகள் கல்குவியலாகவே கிடந்து, 2005-இல்தான் எழுந்தது. குவியலில் கிடைத்த கறுத்த கற்களை முடிந்தவரை பழைய இடத்திலேயே பொருத்தினார்கள், அதனால் புதுச் சுவரில் அங்கங்கே கறுப்புத் திட்டுகள் தெரியும். உச்சியில் உள்ள சிலுவையைச் செய்த லண்டன் பொற்கொல்லரின் அப்பா, அந்த ஊர்மேல் குண்டு போட்ட விமானி! தென்னாப்பிரிக்கா, நிறவெறி ஆட்சிக்காலத்து ஜோகன்னஸ்பர்க் சிறை வளாகத்திலேயே அரசியலமைப்பு நீதிமன்றத்தைக் கட்டியது, இடித்த சிறைப்பகுதியின் செங்கற்களை எடுத்து நீதிமன்றச் சுவரில் வைத்தது. இந்த மூன்றிலும் நடந்தது என்ன என்பதை யாரும் மறைக்கவில்லை. 1981-இல் எரிக்கப்பட்டு ஏறக்குறைய 97,000 நூல்களை இழந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பிறகு அரசு பளபளவென்று திருப்பிக் கட்டியபோது, எரித்த தடயத்தையே அழிக்கிறார்கள் என்ற குமுறல் எழுந்ததை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். யார் செய்தது, யாருக்குச் செய்தது என்று ஒரு வரியாவது எழுத மனமில்லாவிட்டால், கட்டுவதைத் தள்ளிப்போடுவதே மேல்.

வடிவமைப்புக்குத் திறந்த போட்டி வையுங்கள், பெயரை மறைத்து எண் மட்டும் கொடுத்து. வாஷிங்டனின் வியட்நாம் நினைவுச்சுவருக்கு 1,421 வடிவமைப்புகள் வந்தன. ஜெயித்தது மாயா லின் என்ற 21 வயது மாணவி. பெயர் தெரிந்திருந்தால் தேர்ந்தெடுத்திருப்பார்களா, சந்தேகம்தான். அப்புறமும் கடுமையான எதிர்ப்பு வந்தது, சமாதானத்துக்காக 1984-இல் பக்கத்தில் மூன்று சிப்பாய்கள் சிலை வைத்தார்கள். அந்தச் சமரசத்தைக் கேலி செய்கிறவர்கள் உண்டு, எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை.

பெயர்கள். நேரம் அதிகம் செலவிட வேண்டியது இதில்தான். அகர வரிசை சுலபம், ஆனால் தொலைபேசிப் புத்தகம் மாதிரி ஆகிவிடும், ஒரே பெயருள்ளவர்கள் கும்பலாகக் கரைந்துபோவார்கள். வியட்நாம் சுவரில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உயிரிழந்த நாள் வரிசையில் இருக்கின்றன, பதவி எதுவும் போடவில்லை. மெருகேற்றிய கறுப்புக் கல் என்பதால் பெயரைத் தேடுகிறவரின் முகமும் அதில் தெரியும். பெயரின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துப்போகிறார்கள். நியூயார்க்கின் செப்டம்பர் 11 தாக்குதல் நினைவிடத்தில் 2,983 பெயர்களை எப்படி அடுக்குவது என்று இழுபறி நடந்தது. கடைசியில், யார் பெயர் யார் பக்கத்தில் வர வேண்டும் என்று குடும்பங்களிடமே கேட்டார்கள், 1,200 கோரிக்கைகள் வந்தன. நண்பன் பக்கத்தில் நண்பன், ஒரே அலுவலகத்தார் சேர்ந்து. யாருடைய பிறந்தநாளோ அன்று அந்தப் பெயரின் வெட்டெழுத்தில் ஒரு வெள்ளை ரோஜாவைச் செருகிவைக்கிறார்கள். ஆக, எழுத்தைக் கை எட்டும் உயரத்தில் வையுங்கள், வெட்டை விரல் உணரும் ஆழத்தில் போடுங்கள், தேடிக் கண்டுபிடிக்க ஒரு பட்டியலும் வேண்டும். திறந்துவைத்த அமைச்சரின் பெயர் இறந்தவர்களின் பெயரைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. முடிந்தால் வேண்டவே வேண்டாம்.

சண்டை இரு தரப்புக்கும் இடையே நடந்திருந்தால், இந்தப் பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்ற கேள்வியிலேயே குழு உடையக்கூடும். கொன்றவரையும் கொல்லப்பட்டவரையும் ஒரே வரிசையில் வைத்துவிட்டு சமத்துவம் என்று சொல்லாதீர்கள். ஆனால் எந்தப் பக்கத்துப் பொதுமக்களானாலும் அவர்கள் பெயர் விடுபடக் கூடாது.

பராமரிப்புக்கு நிதியைத் தனியாக ஒதுக்குங்கள், கட்டுமானக் கணக்கோடு கலக்காதீர்கள். பிற்பாடு வந்து சேரும் பெயர்களுக்குச் சுவரில் இடமும் விடுங்கள், ஏனென்றால் காணாமல் போனவர்கள் பட்டியல் திறப்பு விழாவோடு முடிவதில்லை.