கையடக்கக் கருவிகளால் மண்ணின் பண்புகளைக் கணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அகச்சிவப்பு நிறமாலைக் கருவியை மண்மீது வைத்தவுடன் திரையில் கரிமக் கார்பனின் விழுக்காடு தோன்றுவதால், கருவி கார்பனையே அளந்துவிட்டது என்று எண்ணுவது முதல் தவறு. அது அளப்பது 350 முதல் 2500 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களில் மண் திருப்பி அனுப்பும் ஒளியை மட்டுமே. திரையில் தெரியும் எண், அந்த ஒளியிலிருந்து ஒரு புள்ளியியல் மாடல் செய்த கணிப்பு. மண்மீது எக்ஸ் கதிரைச் செலுத்தி, தனிமங்கள் திருப்பி உமிழும் கதிர்களை அளக்கும் எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி தனிமங்களை நேரடியாகக் காண்கிறது என்றாலும், கார்பன், நைட்ரஜன் போன்ற இலேசான தனிமங்கள் அதற்குப் புலப்படுவதில்லை. அது காட்டும் பொட்டாசியமும் மண்ணிலுள்ள மொத்த அளவே தவிர, பயிருக்குக் கிடைக்கும் அளவு அன்று.

உலர்த்தி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்த மண்ணைக் கொண்டு ஆய்வகத்தில் உருவாக்கிய மாடலை, ஈர வயலில் எடுத்த அளவீட்டுக்கு அப்படியே பொருத்துவதும் அடிக்கடி நடக்கிறது. நீர் 1400, 1900 நானோமீட்டர் அருகே ஒளியை வலுவாக உறிஞ்சுவதோடு, நிறமாலை முழுவதையும் மங்கச் செய்கிறது. எக்ஸ் கதிர் அளவீட்டிலும் ஈரம் தனிமங்களின் செறிவைக் குறைத்தே காட்டும். ஒரு பகுதி மண் மாதிரிகளையாவது ஈரமாகவும் உலர்ந்த நிலையிலும் இருமுறை அளந்து, அந்த வேறுபாட்டைக் கொண்டு ஈரத்தின் விளைவைக் கணக்கில் நீக்க வேண்டும்.

மாடல், தனக்குக் கொடுக்கப்படும் ஆய்வக எண்களின் பிழையையும் சேர்த்தே கற்கிறது. டைகுரோமேட்டும் அமிலமும் கொண்டு கார்பனை ஆக்சிஜனேற்றி அளக்கும் வாக்லி–பிளாக் முறை, கரிமக் கார்பன் முழுவதையும் ஆக்சிஜனேற்றம் செய்வதில்லை என்பதால், ஏறத்தாழ 1.3 என்ற காரணியால் முடிவைப் பெருக்குவது வழக்கம். அப்படித் திருத்தப்படாத எண்களையும், மண்ணை உயர் வெப்பத்தில் எரித்து வெளிவரும் வாயுவை அளக்கும் உலர் எரிப்பு முறையில் கிடைத்த எண்களையும் ஒரே பட்டியலில் கலந்துவிட்டால், எவ்வளவு திறமையான கணிப்பு முறையாலும் அதைச் சீர்செய்ய முடியாது.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருந்தச் செய்வது சரிபார்ப்பில் நிகழும் தவறு. ஒரே குழியில் ஐந்து ஆழங்களில் மண் எடுத்து, ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்து, கிடைத்த பதினைந்து நிறமாலைகளையும் தற்போக்காகப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்தால், சோதனைக்கு வரும் மண்ணை மாடல் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. அப்போது வரும் அருமையான மதிப்பெண், புதிய வயலுக்குப் போனதும் சரிந்துவிடும். ஒரு குழியின் மாதிரிகள் அனைத்தும் பயிற்சி, சோதனை என்ற இரண்டில் ஒரே பக்கத்தில்தான் இருக்க வேண்டும். புதிய வயல்களில் பயன்படுத்துவதே நோக்கமானால் வயல் வாரியாகவே பிரிக்க வேண்டும். நிறமாலையை மாடலுக்குக் கொடுக்குமுன் சீராக்கும் முன்செயலாக்கங்களில் எது சிறந்தது, எந்த அலைநீளங்களை வைத்துக்கொள்வது என்ற முடிவுகளைச் சோதனைத் தரவைப் பார்த்தபின் எடுப்பதும் இதே தவறின் மறைவான வடிவம். ஒத்துவராத புள்ளிகளை நீக்கிவிட்டு மறுபடி மதிப்பெண் கணக்கிடுவதும் அப்படித்தான்.

தரவின் வேறுபாட்டில் எவ்வளவு பங்கை மாடல் விளக்குகிறது என்று காட்டும் ஆர்-வர்க்க மதிப்பை மட்டும் நம்புவதும் ஆபத்தானது. கரிமக் கார்பன் 0.2 முதல் 6 விழுக்காடு வரை பரவியுள்ள பெரும் பரப்பில் சராசரிப் பிழை 0.4 என்றால் ஆர்-வர்க்கம் உயர்வாகவே இருக்கும். ஆனால் 0.4 முதல் 0.9 வரை மட்டுமே மாறும் ஒரு வயலுக்குள் அதே பிழை, மேட்டையும் பள்ளத்தையும் வேறுபடுத்திக் காட்டக்கூட உதவாது. எனவே பிழையை அதன் சொந்த அலகிலேயே எழுதி, பயன்படுத்தப்போகும் இடத்தின் வீச்சோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

வரைபடமாக்கும்போது, சாலையோரங்களில் மட்டும் எடுத்த மாதிரிகளைக் கொண்டு சரிவுகளையும் காடுகளையும் நிரப்புகிறார்கள். பல முடிவு மரங்களின் கணிப்புகளைச் சராசரியாக்கும் ரேண்டம் ஃபாரஸ்ட் முறை, பயிற்சியில் கண்ட மிக உயர்ந்த மதிப்பைத் தாண்டி ஒருபோதும் கணிக்காது. ஆகவே பயிற்சியில் இடம்பெறாத கரிமச் செழிப்புள்ள மண், வரைபடத்தில் சாதாரண மண்ணாகவே தெரியும். கருவியின் கணிப்பைப் பிழையற்ற அளவீடாகக் கொண்டு கிரிகிங் (அருகிலுள்ள புள்ளிகளிலிருந்து இடைப்பட்ட இடங்களின் மதிப்பைக் கணிக்கும் முறை) செய்வதால், முதற்கட்டப் பிழை கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறது. படப்புள்ளியை 10 மீட்டராகச் சுருக்கினாலும் தகவல் கூடுவதில்லை. எனவே ஒவ்வொரு வரைபடத்தோடும் கணிப்பு இடைவெளியை, அதாவது உண்மை மதிப்பு எந்த எல்லைகளுக்குள் இருக்கக்கூடும் என்பதை, காட்டும் இரண்டாவது வரைபடம் ஒன்றையும் தர வேண்டும். அடுத்த குழிகளை எங்கே தோண்டுவது என்பதை, அதில் இடைவெளி அகலமாக இருக்கும் இடங்களைக் கொண்டே முடிவு செய்யலாம்.