செட்னு ஒரு வார்த்தை: பெங்களூர் ஆபீஸுக்குப் புதுசா வந்தவங்க எப்படி சமாளிக்கிறது

தமிழ் மீடியத்துல படிச்சுட்டு பெங்களூருக்கு வர்றவங்க பெரிய பெரிய இங்கிலீஷ் வார்த்தைக்குத்தான் பயப்படுறாங்க, ஆனா படுத்தி எடுக்கிறது செட் மாதிரி பொடி வார்த்தைங்கதான். 1989ல வந்த ஆக்ஸ்ஃபோர்ட் டிக்‌ஷனரி ரெண்டாம் பதிப்புல செட்டுக்குத்தான் ரொம்ப நீளமான இடம், வினைச்சொல்லா மட்டுமே 430 அர்த்தம், அதெல்லாம் மனப்பாடம் பண்ண உக்காந்துடாதீங்க. (அப்புறம் ரன் அதையும் முந்திடுச்சு, 645, அது தனி தலைவலி.)

பாதி நமக்கே தெரியும். செட் தோசை, பம்பு செட்டு, சினிமா செட்டு, "எங்க செட்டு பசங்க", "இந்த பிஜி ஹாஸ்டல் எனக்கு செட் ஆகல". கடைசியா சொன்னது நம்மூர் சரக்கு, அதை அப்படியே அமெரிக்கா டீம்கிட்ட இங்கிலீஷ்ல எடுத்துவிட்டா முழிப்பாங்க, சூட் ஆகலன்னு சொல்லிடுங்க.

மத்ததுக்கு, செட்டுக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு வர்ற குட்டி வார்த்தையைப் பாருங்க. மேனேஜர் "செட் அப் எ கால்"னா ஏற்பாடு பண்ணு. "ரெயின் ஹேஸ் செட் இன்"னா மழை பிடிச்சுக்கிச்சு, லேசுல விடாது, டிராஃபிக்குக்குப் பேர்போன சில்க் போர்டு ஜங்ஷன் பக்கம் போற வேலையிருந்தா நாளைக்குத் தள்ளிப்போடுங்க.

ஆஃப் வந்தாதான் வம்பு. "வீ செட் ஆஃப் அட் சிக்ஸ்"னா கிளம்பிட்டோம், அதே புகை வந்து அலாரத்தை செட் ஆஃப் பண்ணுச்சுன்னா அலற வெச்சுடுச்சு, டாக்ஸ் ஃபைல் பண்றப்போ வந்தா நஷ்டத்தை லாபத்துல கழிச்சுக்கறது. ஷேர்ல ஷார்ட் டேர்ம் நஷ்டத்தை ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம்னு ரெண்டு வகை கேப்பிடல் கெய்ன்லயும் (வித்து வர்ற லாபம்) கழிக்கலாம், லாங் டேர்ம் நஷ்டம்னா லாங் டேர்ம் லாபத்துல மட்டும்தான். ரிட்டர்னை டைமுக்குப் போட்டிருந்தா மிச்சத்தை 8 வருஷம் வரைக்கும் இழுத்துட்டுப் போகலாம், இதை மட்டும் நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க, காசு விஷயம்.

அசைடும் அப்படித்தான். வாடகை அட்வான்ஸுக்கு பணத்தை செட் அசைட் பண்ணா ஒதுக்கி வெச்சிருக்கோம், கோர்ட் ஒரு ஆர்டரை செட் அசைட் பண்ணா அந்த ஆர்டரே ரத்து! பேப்பர்ல படிக்கிறப்போ ஏதோ ஓரமா எடுத்து வெச்சிருக்காங்கன்னு நினைச்சுக்காதீங்க.

"ஐ யாம் ஆல் செட்"னா ரெடி. "ப்ரைசஸ் ஆர் செட் டு ரைஸ்"னா விலை ஏறப்போகுது, அவ்வளவுதான்.

இன்னொரு தொல்லை, இதுக்கு இறந்தகாலமும் செட்டேதான். "ஹீ செட்"னு எஸ் இல்லாம வந்தா பெரும்பாலும் முடிஞ்சுபோன விஷயம், ஆனா "தே செட் தி டெட்லைன்"னு மெயில் வந்தா ஏற்கனவே வெச்சுட்டாங்களா இல்ல எப்பவும் அவங்கதான் வைப்பாங்களான்னு அதை மட்டும் பார்த்து சொல்ல முடியாது, பக்கத்துல எஸ்டர்டே, எவ்ரி மந்த் மாதிரி ஏதாவது இருக்கான்னு தேடுங்க, இல்லன்னா கூச்சப்படாம எந்தத் தேதின்னு ரிப்ளை போட்டுக் கேட்டுடுங்க.