ஃப்ளை கட்டத் தூண்டில் முள்ளைத் தேர்ந்தெடுப்பதும் தயார் செய்வதும்

ஃப்ளை என்பது தூண்டில் முள்ளின்மேல் இறகும் நூலும் சுற்றிச் செய்யும் போலி இரை. அதைக் கட்டக் கற்றுக்கொள்ள வருபவர்கள் முதலில் இறகையும் நூலையும்தான் தேடுகிறார்கள். தூண்டில் முள்ளுக்குக் கடைசி இடம். என்னைக் கேட்டால் முள்ளிலிருந்துதான் தொடங்க வேண்டும். கட்டிய பூச்சி மிதக்குமா மூழ்குமா, கடித்த மீன் மாட்டுமா நழுவுமா என்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். முள்ளில் செய்ய வேண்டிய வேலையையும் நூல் சுற்றும் முன்பே முடித்துவிட வேண்டும்.

முதலில் பாகங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். தூண்டில் நரம்பைக் கோக்கும் வளையம் காது. அதிலிருந்து நேராகப் போவது தண்டு. நாம் கட்டுவதெல்லாம் இதன்மேல்தான். பிறகு வளைவு, கடைசியில் கூர். கூருக்குச் சற்றுப் பின்னால் செதில்போல் எழும்பி நிற்பது பார்ப். தண்டுக்கும் கூருக்கும் நடுவில் உள்ள இடைவெளியை வாய் என்று வைத்துக்கொள்வோம்.

எந்த முள்?

அளவு எண் கொஞ்சம் குழப்பும். எண் பெரிதானால் முள் சிறிது: 10-ஐவிட 16 சிறியது. ஃப்ளைக்கான முட்கள் பெரும்பாலும் இரட்டைப்படை எண்களில்தான் வரும். 1-ஐத் தாண்டிப் பெரிதாகப் போனால் 1/0, 2/0 என்று எண்ணும் அளவும் சேர்ந்தே ஏறும். ஒரு கம்பெனியின் 12-ம் இன்னொன்றின் 12-ம் அச்சாக ஒன்றாக இருக்காது, அதனால் எண்ணை மட்டும் நம்பாமல் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பாக்கெட்டில் ‘2எக்ஸ் லாங்’ என்று இருந்தால், அந்த எண்ணுக்கு வழக்கமான தண்டைவிட இது நீளம். ‘ஃபைன்’ என்றால் மெல்லிய கம்பி, ‘ஹெவி’ என்றால் தடித்த கம்பி. மிதக்க வேண்டிய ட்ரை ஃப்ளைக்கு மெல்லிய கம்பி. மூழ்க வேண்டிய நிம்ஃபுக்குத் தடித்த கம்பி. சின்ன மீனைப்போல் இழுபடும் ஸ்ட்ரீமருக்கு நீளத் தண்டு. கடலுக்கு என்றால் துருவைத் தாங்கும் பூச்சோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் யோசனை: பல அளவுகள் கலந்த பெட்டியை வாங்காதீர்கள். நிம்ஃபுக்கான முள், 12-ஆம் எண், ஒரே ஒரு பாக்கெட் போதும். விரலுக்கு அடங்கும் அளவு, செய்வது கண்ணுக்கும் தெரியும். ஒரே முள்ளில் திரும்பத் திரும்பக் கட்டும்போதுதான் அளவு கைக்குப் பழகும்.

சோதனை

முள்ளை வெளிச்சத்தில் பிடித்துக் காதைப் பாருங்கள். வளையம் முழுதாக மூடியிருக்க வேண்டும். கம்பியின் நுனி தண்டைத் தொடாமல் இடைவெளி இருந்தால் நரம்பு அதில் புகுந்து அறுபடும். அப்படிப்பட்டதை ஒதுக்கிவிடுங்கள்.

அப்புறம் கூர். கட்டைவிரல் நகத்தின்மேல் கூரை வைத்து, அழுத்தாமல் லேசாக இழுங்கள். நகத்தில் பிடித்து நின்றால் கூர்மை சரி. வழுக்கிக்கொண்டு போனால் மழுங்கியிருக்கிறது. பெரிய முள்ளை மெல்லிய அரத்தால் தீட்டிக்கொள்ளலாம். சின்ன முள்ளில் அந்தப் பாடு வேண்டாம், வேறொன்றை எடுங்கள்.

பார்ப்பை நசுக்குதல்

இதை நான் விடாமல் வலியுறுத்துவேன். பார்ப் இல்லாத முள் மீனின் வாயைக் கிழிக்காமல் கழன்று வரும், உங்கள் விரலில் ஏறினாலும் எளிதாக வெளியே வரும். நரம்பைத் தளரவிடாமல் பிடித்தால் மீனும் அவ்வளவாகத் தப்பாது.

வாய் வழவழப்பாக, பல் இல்லாமல் இருக்கும் சின்னக் குறடு தேவை. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். குறட்டைக் கூரின் முன்பக்கமிருந்து, கூர் போகும் திசையிலேயே நீட்டிப் பார்ப்பின்மேல் வையுங்கள். குறுக்கே வைத்து அழுத்தினால் கூர் ஒடிய வாய்ப்பு அதிகம். ஒரேயடியாக நெரிக்காமல் மெதுவாக அழுத்துங்கள். பார்ப் படிந்ததும் விட்டுவிடுங்கள். சிறு மேடு மிச்சம் இருந்தால் பரவாயில்லை. சில முட்கள் இதில் ஒடியத்தான் செய்யும். கட்டி முடித்த ஃப்ளையில் ஒடிவதைவிட வெறும் முள்ளாக இருக்கும்போதே ஒடிவது நல்லது.

ஃப்ளையின் தலையில் சிறு மணி கோர்ப்பதாக இருந்தால் இப்போதே கோர்க்க வேண்டும். பார்ப் படிந்திருப்பதால் தடையில்லாமல் ஏறும். மணியின் ஒரு பக்கத்து ஓட்டை சிறியது, மறுபக்கம் அகலம். கூரைச் சின்ன ஓட்டை வழியாக நுழைத்தால், மணி காதுக்குப் போய்ச் சேரும்போது சின்ன ஓட்டை காதைப் பார்த்து நிற்கும்.

வைஸில் மாட்டுதல்

வைஸ் என்பது கட்டும்போது முள்ளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் கருவி. வளைவின் கீழ்ப்பகுதியை அதன் தாடைகளுக்கு நடுவில் வைத்து, தண்டு கிடைமட்டமாக இருக்கும்படி இறுக்குங்கள். கூரையும் பார்ப் இருந்த இடத்தையும் தாடைக்குள் விடாதீர்கள், கம்பி அங்கேதான் பலவீனம். இறுக்கியதும் தண்டை விரலால் கீழே லேசாக அழுத்திப் பாருங்கள். முள் வைஸில் நழுவினால் இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். நழுவாமல் தண்டு வளைந்து திரும்பி வந்தால் கம்பி நல்ல பதம். வளைந்தபடியே நின்றாலோ ஒடிந்தாலோ அந்த முள் ஆகாது.

எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் துணியால் துடைத்துவிட்டு நூலை எடுங்கள். மணி இல்லாத முள்ளில் காதை ஒட்டித் தொடங்கக் கூடாது, காதின் நீளத்துக்கு இடம் விடுங்கள். கடைசியில் தலை முடிச்சுப் போட அந்த இடம் வேண்டும். நூல் தன்மேலேயே ஏறிப் பூட்டிக்கொள்ளும்படி நாலைந்து சுற்று சுற்றி, மிச்ச நுனியை வெட்டுங்கள். பிறகு ஒரு சுற்றை இன்னொன்று தொட்டபடி வளைவை நோக்கிப் போங்கள். பார்ப் இருந்த இடத்துக்கு நேர் மேலே வந்ததும் நிறுத்துங்கள், வாலுக்கான இறகை அங்கேதான் கட்டப் போகிறோம்.