ஸ்மார்ட் ஹோம் சிக்னல் தொல்லை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேளச்சேரியிலோ சோழிங்கநல்லூரிலோ ஓர் அடுக்ககத்தில் உட்கார்ந்து, போனில் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள். பக்கத்து வீடு, மேல் வீடு, எதிர் பிளாக் என்று பட்டியல் இறங்கிக்கொண்டே போகும். அவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் ஓடுகின்றன. ஜிக்பீ என்ற வயர்லெஸ் முறையில் பேசும் உங்கள் ஸ்மார்ட் பல்பும் கதவு சென்சாரும் அதே 2.4-இல்தான். ‘மேட்டர்’ (பல நிறுவனங்களின் கருவிகள் சேர்ந்து இயங்க உதவும் பொதுத் தரம்) என்று அட்டையில் போட்டு, த்ரெட் என்ற வயர்லெஸ் முறையில் பேசும் கருவிகள், ப்ளூடூத் எல்லாமே அங்கேதான். இந்த நெரிசலைப் பார்க்காமல், விளக்கு எரியவில்லை என்றதும் பல்பு மட்டம் என்று திருப்பி அனுப்புவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. புது பல்பு வந்த பிறகும் தொல்லை அப்படியே இருக்கும்.

முதலில் தொல்லைக்குக் காரணம் இரைச்சலா (மற்ற கருவிகளின் அலைக் குறுக்கீடு), தூரமா என்று பிரித்துப் பாருங்கள். முரண்டு பிடிக்கும் கருவியை ஹப்புக்கு (எல்லா ஸ்மார்ட் கருவிகளையும் இணைக்கும் மையப் பெட்டி) இரண்டு மீட்டருக்குள் கொண்டுவந்து வையுங்கள். அங்கே ஒழுங்காக வேலை செய்தால், இடையில் உள்ள சுவரையோ தூரத்தையோ சந்தேகப்படலாம். அங்கேயும் திணறினால், பெரும்பாலும் ஹப்பின் பக்கத்திலேயே ஏதோ இரைச்சல் இருக்கிறது.

அந்த இரைச்சல் பல வீடுகளில் வைஃபை ரவுட்டரேதான். டிவி ஸ்டாண்டில் இடம் குறைவு என்று ரவுட்டரின் தலையிலேயே ஹப்பை வைத்துவிடுகிறார்கள். குறைந்தது ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். ஹப்புக்குப் பதில், ‘ராஸ்பெர்ரி பை’ என்ற குட்டிக் கம்ப்யூட்டரிலோ பழைய கம்ப்யூட்டரிலோ ஜிக்பீ டாங்கிள் (யுஎஸ்பியில் மாட்டும் சிறு ரேடியோ) செருகி, ஹோம் அசிஸ்டன்ட் என்ற ஸ்மார்ட் ஹோம் மென்பொருளை ஓட்டுபவர்களுக்கு இன்னொரு வில்லங்கம் உண்டு. யுஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் செருகிய ஹார்ட் டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலைக் கசியவிடும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து எழுதியிருக்கிறது. ரிச்சி தெருவில் ஒரு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டாங்கிளை யுஎஸ்பி 2.0 போர்ட்டில் மாட்டி, பெட்டியிலிருந்து தள்ளித் தொங்கவிடுங்கள். இவ்வளவு சின்ன செலவில் இவ்வளவு பெரிய மாற்றம் வேறெதிலும் கிடைக்காது.

அடுத்தது சேனல், அதாவது 2.4-க்குள் ஒரு கருவி பேசும் குறிப்பிட்ட இடம். ரவுட்டரை ‘ஆட்டோ’வில் விட்டுவிடுவது பெரிய தவறு. கரண்ட் போய் வரும்போதெல்லாம் ரவுட்டர் புதிதாக ஒரு சேனலைத் தேர்ந்தெடுக்கலாம். நேற்று வரை சரியாக ஓடிய சென்சார் இன்று ஏன் விட்டுவிட்டு வேலை செய்கிறது என்று நாம் மண்டையைப் பிய்த்துக்கொள்வோம். வைஃபையை 1, 6, 11 என்ற மூன்றில் ஒன்றில் நிலையாக நிறுத்துங்கள். ஜிக்பீக்கு 11 முதல் 26 வரை சேனல்கள் உண்டு. இரண்டிலும் 11 என்றிருந்தாலும் அவை ஒரே இடம் அல்ல. ஜிக்பீ 11 இருப்பது 2405 மெகாஹெர்ட்ஸில், வைஃபை 11 இருப்பது 2462-இல். வைஃபை 1, 6, 11 விட்டுவைக்கும் இடைவெளியில் விழுபவை ஜிக்பீயின் 15, 20, 25, 26. இவற்றில் 26-ஐ சில கருவிகள் சரியாக ஏற்பதில்லை, அதனால் 25-ஐ முதலில் முயலலாம். கூடவே ரவுட்டரில் 2.4-இன் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாகவே வையுங்கள். 40 என்று வைத்தால் அந்த இடைவெளிகளையும் அது விழுங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஜிக்பீ சேனலை மாற்றினால் சில பேட்டரி சென்சார்களை ஹப்போடு மறுபடி இணைக்க வேண்டிவரும். அதனால் முதலில் வைஃபையை நகர்த்திப் பாருங்கள். ஒரே நாளில் நாலைந்தை மாற்றினால் எது குணப்படுத்தியது என்றே தெரியாது.

சிக்னல் எட்டவில்லை என்றதும் வைஃபை ரிப்பீட்டர் வாங்குவார்கள். ஜிக்பீக்கு அதனால் பயனில்லை, 2.4-இல் இன்னும் ஒரு சத்தம்தான் கூடும். ஜிக்பீயின் செய்தியைக் கைமாற்றிக் கொடுப்பவை எப்போதும் மின்சாரத்தில் இருக்கும் பிளக்குகளும் பல்புகளும். பேட்டரி சென்சார்கள் அந்த வேலையைச் செய்யாது. இரவு படுக்கும்முன் வீட்டுப் பெரியவர்கள் சுவர் ஸ்விட்சையே அணைத்துவிட்டால், அந்த பல்பை நம்பியிருந்த சென்சாரும் தொடர்பு இழக்கும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வழியில் ஒரு ஸ்மார்ட் பிளக் போட்டுவிடுவதே நல்லது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் பழைய வீடுகளின் ஸ்விட்ச் போர்டில் நியூட்ரல் ஒயர் இருக்காது. நியூட்ரல் இல்லாமல் ஓடும் ஜிக்பீ ஸ்விட்சுகள் பெரும்பாலும் செய்தியைக் கைமாற்றாது. வாங்கும் முன் எலக்ட்ரீஷியனிடம் போர்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். போர்டின் பின்னால் இரும்புப் பெட்டி இருந்தால் அதுவும் சிக்னலை அடக்கும். சென்சாருக்கும் ஹப்புக்கும் நடுவே நிற்கும் இரும்பு பீரோவும் அப்படித்தான்.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் இசட்-வேவ் (ஜிக்பீ போன்ற இன்னொரு வயர்லெஸ் முறை) கருவி வாங்கிவரச் சொல்லாதீர்கள். அங்கே அது 908 மெகாஹெர்ட்ஸ், இந்தியாவில் 865. இங்கே வாங்கிய ஹப்போடு சேராது என்பதோடு, 908 இங்கே மொபைல் போன்களுக்கான இடம்.

கடைசியாக மொட்டை மாடி டேங்க். சம்ப்பிலிருந்து தண்ணீர் ஏற்றும் மோட்டாரை லெவல் சென்சாரோடு இணைப்பது சென்னையில் மிகவும் பயனுள்ள வேலை, சிக்னலுக்கு மிகக் கடினமான வேலையும் அதுதான். தண்ணீர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உறிஞ்சும், நடுவே கம்பி போட்ட கான்கிரீட் தளம் வேறு. சென்சாரின் ஆன்டெனாவை டேங்குக்குள்ளோ பின்னாலோ மறைக்காமல், படிக்கட்டுப் பக்கம் பார்த்து வையுங்கள். படிக்கட்டின் மேல் முனையில் மின்சாரத்தில் ஓடும் ஒரு கருவி நடுவில் இருந்தால் செய்தி கீழே இறங்கும். மோட்டாரை நிறுத்துவதை வயர்லெஸ்ஸை மட்டும் நம்பி விடவே கூடாது. ‘டேங்க் நிரம்பியது’ என்ற ஒரு செய்தி தொலைந்தால், தண்ணீர் மாடியிலிருந்து வழிந்துகொண்டே இருக்கும். டேங்க் நிரம்ப வழக்கமாக எவ்வளவு நேரமாகும் என்று பார்த்து, அதைவிடச் சற்றே கூடுதலான நேரத்தில் தானாக அணையும்படி டைமரை மோட்டாரை ஆன்-ஆஃப் செய்யும் ரிலேயிலேயே போட்டுவிடுங்கள்.